ஏட்டுக்கு ஒரு குறை வேண்டும்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழரை மணி ஆனால் போதும், ஏட்டுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை இது. இருபத்திரண்டு வருடம் கூடக் குடித்தனம் நடத்திய மனைவி இன்னொருவனுக்காகக் கண்ணீர் விடுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு வருகிற எரிச்சல். அந்த இன்னொருவன் டிவியில் வருகிறவன்தானே, இதற்கெல்லாமா எரியும் என்று யாராவது கேட்டால், அவர்கள் வீட்டில் அந்தத் தொடரைப் பார்ப்பதில்லை என்று அர்த்தம்.

தொடரின் பெயர் 'பதினேழாவது நிலையம்'. அதில் வரும் போலீஸ் ஆய்வாளருக்குக் கன்னத்தில் ஒரு தழும்பு. அதனால் ஊரே அவனைக் கீறல் என்றது. கீறல் குடிப்பான். மேலதிகாரியை எதிர்த்துப் பேசுவான். மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாள். மூன்று நாள் தாடி வைத்திருப்பான். எந்த வாரம் பார்த்தாலும் அதே மூன்று நாள் தாடிதான். மழை பெய்தால் ஜன்னலோரம் போய் நிற்பான். அவன் போய் நின்றாலே மழை பெய்யும். எந்த வழக்கு வந்தாலும், நடுவில் நாலு விளம்பரத்தையும் சேர்த்து, நாற்பது நிமிடத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுவான். பிடித்த பிறகும் சந்தோஷப்பட மாட்டான். பெண்கள் விழுந்தது அந்தச் சந்தோஷப்படாத முகத்தில்தான்.

"பாவம்ங்க, ரெண்டு நாளா அந்த மனுஷன் ஒண்ணுமே சாப்பிடல," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு ஏட்டின் தட்டைப் பார்த்தாள். ஏட்டு இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிடாம இருக்கத்தான் அவனுக்குச் சம்பளமே."

"எல்லாத்துக்கும் ஒரு பேச்சு. அவரு மனசுக்குள்ள என்னமோ இருக்கு, வெளிய சொல்ல மாட்டேங்கிறாரு. உங்க மனசுல என்ன இருக்கு? சொல்லுங்க பாப்போம்."

ஏட்டு யோசித்தார். இல்லாததைச் சொல்ல அவருக்கு வராது. "குளியலறைக் குழாய் சொட்டுது. நாளைக்கு ஆளைக் கூப்பிடணும்."

"அதானே!" என்று அவள் டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இவன் அவன் என்று இருந்த கீறல் அவள் வாயில் 'அவரு' ஆகி ஒரு வருடம் ஆகிறது. ஏட்டுக்கு அதுதான் தாங்கவில்லை. அவரும் நிஜ போலீஸ்தான். காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்குகிற வேலை. எட்டு மணிக்குப் போனால் ஆறரைக்கு வீடு. குடிப்பதில்லை, புகைப்பதில்லை, வேறு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. யார் வந்து என்ன சொன்னாலும் முத்து முத்தாக எழுதிப் பதிவு செய்து கையில் நகல் கொடுத்து அனுப்புவார். இத்தனை இருந்தும் அந்தப் புண்ணியவதி இருபத்திரண்டு வருடத்தில் அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. குடம் குடமாக வேண்டாம். ஒரு சொட்டு. அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு.

தான் ஒருவன்தான் இப்படிப் புழுங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். காவல்துறை மொத்தமும் புழுங்கிக்கொண்டிருந்தது என்பது அந்த மாதக் கடைசியில்தான் தெரிந்தது.

ஏதோ ஒரு பத்திரிகை ஜனங்களிடம், "ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டிருந்தது. நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேர் கீறலை என்றார்கள். அடுத்த இடம் பக்கத்து வீட்டுக்காரருக்கு. அதற்கடுத்து வளர்ப்பு நாய். காவல்துறை நாய்க்கும் பின்னால், 'சும்மா கத்துவேன்' என்று சொன்னவர்களுக்கும் பின்னால் வந்திருந்தது. அதைவிடக் கொடுமை, கீறலிடம் நேரில் மனுக் கொடுக்கத் தொலைக்காட்சி நிலைய வாசலில் தினமும் வரிசை நின்றது. அந்த வரிசையை ஒழுங்குபடுத்த நாலு நிஜக் காவலர்களை அனுப்ப வேண்டியிருந்தது.

ஆணையர் எல்லா நிலையத்து ஆட்களையும் பெரிய மண்டபத்துக்கு வரவழைத்தார். ஆணையர் என்றால் ஊர்க் காவல்துறைக்கே தலைவர். ஒலிபெருக்கியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பேசினார்.

"நம்மகிட்ட என்ன இல்ல? வண்டி இருக்கு, தொப்பி இருக்கு, தடி இருக்கு. ஆனா ஜனங்க அவனைப் பாத்து அழறாங்க. நம்மளாலயும்தான் அழறாங்க, இல்லேங்கல. அந்த அழுகை வேற, இந்த அழுகை வேற. நான் ரொம்ப நாளா யோசிச்சேன். அவன்கிட்ட குறை இருக்கு. குறை இருக்கிற ஆளைத்தான் ஜனங்களுக்குப் பிடிக்குது. நம்ம துறை மேல இத்தனை வருஷமா இத்தனை குறை சொல்றாங்களே, அதை என்னிக்காவது முறையா பயன்படுத்தியிருக்கோமா?"

எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் எத்தனை விநாடி என்பது நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிடப்பட்டிருந்தது.

திட்டம் இதுதான்: நிலையத்துக்கு ஒருவர் வீதம் 'குறையுள்ள காவலர்' தேர்ந்தெடுக்கப்படுவார். பத்து நாள் பயிற்சி. அதில் தேறுகிற ஒரே ஒருவர், செவ்வாய்க்கிழமை சரியாக ஏழு இருபதுக்கு, தொடர் ஆரம்பிப்பதற்கு முன்னால், பத்து நிமிடம் டிவியில் தன் குறையைச் சொல்வார்.

செவ்வாய்க்கிழமை ஏழு இருபது. அந்த நேரத்தில் மனைவி எங்கே உட்கார்ந்திருப்பாள் என்பது ஏட்டுக்குத் தெரியும்.

முதலில் அவருடைய நிலையத்து ஆய்வாளர்தான் கிளம்பினார். "குறைன்னா என்னை விட்டா ஆள் யாரு ஏட்டு?" என்று மீசையைத் தடவிக்கொண்டு போனார். துணைக்கு ஏட்டும் போனார். தேர்வுக் குழுவுக்குத் துணை ஆணையர் அம்மாள் தலைவி.

"சொல்லுங்க, உங்க குறை என்ன?"

"புகார் குடுக்க வர்றவங்கள மூணு நாள் அலைய விடுவேன் மேடம். பிடிச்சுட்டு வர்றவனை முதல்ல அடிப்பேன், அப்புறம்தான் பேரே கேப்பேன். கடைத்தெருவுல எந்தக் கடையிலயும் காசு குடுத்து எதுவும் வாங்கினது கிடையாது."

துணை ஆணையர் அம்மாள் பேனாவை மூடி வைத்தார். "இதெல்லாம் குறைன்னு உங்களுக்கு யாரு சொன்னா? இது நடைமுறை. குறைன்னா அது அதிகாரிக்கு மட்டும்தான் வலிக்கணும். ஜனங்களுக்கு வலிச்சா அதுக்குப் பேரு கடமை. அடுத்தவங்க வாங்க."

ஆய்வாளர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "முப்பது வருஷமா இதெல்லாம் தப்புன்னு நெனச்சு மறைச்சு மறைச்சு செஞ்சேன் ஏட்டு. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் வேணா ஒரு தடவை முயற்சி பண்ணவாய்யா?" என்று கேட்டார் ஏட்டு.

படிவத்தில் 'குறை' என்ற கட்டத்துக்கு நேராக அவர் அரை மணி நேரம் யோசித்தும் எழுத ஒன்றும் வரவில்லை. வெறுமையாகவே கொடுத்துவிட்டார். துணை ஆணையர் அம்மாள் அந்த வெற்றுக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். "ஆழமான ஆளு. எழுத முடியாத அளவுக்கு இருக்கு," என்று சொல்லி, 'தேர்வு' என்று முத்திரை குத்தினார்.

பயிற்சி கொடுக்க, அந்தத் தொடரை எழுதுகிற கதாசிரியரையே பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். கீறலைப் படைத்தவர் கீறல் மாதிரி இருப்பார் என்று நினைத்த ஏட்டு ஏமாந்துபோனார். உருண்டையான, சதா சிரித்த முகமுள்ள மனிதர். ஒன்பது மணி நேரம் தூங்குவாராம். பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றுகொண்டே துயரத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார்.

முதல் பாடம், ஜன்னலோரம் நிற்பது. மழைக்காலம் இல்லை என்பதால் தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து வெளியிலிருந்து கண்ணாடியில் தண்ணீர் அடித்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் முறைவைத்து நின்றார்கள். மூன்றாம் நாள் ஊரில் எங்கேயோ நிஜமாகவே தீப்பிடித்தது. பயிற்சி நடக்கிறது, நாலு மணிக்கு மேல் கூப்பிடுங்கள் என்று பதில் போயிற்று.

இரண்டாவது பாடம், குடி. துறை விதிப்படி குடிக்கக் கூடாது. ஆகையால் சர்க்கரை போடாத ஆறிய தேநீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, சுவரைப் பார்த்துக்கொண்டு கசப்பாகக் குடிக்க வேண்டும். தாடிக்கும் இடைஞ்சல் இருந்தது. தினமும் சவரம் செய்வது கட்டாயம். எனவே, 'மேற்படி நபரின் தாடி மூன்று நாளுக்கு மேற்படாதது' என்று முடிதிருத்துபவர் கையெழுத்திட்ட சீட்டை எல்லோரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது பாடத்தில்தான் விபரீதம் ஆயிற்று. அதிகாரியோடு சண்டை போட்டு, சட்டையில் உள்ள பதவிச் சின்னத்தைக் கழற்றி அவர் மேஜைமேல் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறுவது. பயிற்சிக்கு வந்த நாற்பது பேரும் வரிசையில் நின்று ஒரே மேஜைமேல் வீசினார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் மேஜைமேல் கிடந்த குவியலில் எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கைக்குக் கிடைத்ததைக் குத்திக்கொண்டு போனார்கள். வாசல் காவலர் ஒருவர் நாலு நாள் உதவி ஆணையராக இருந்தார். அந்த நாலு நாளில் யாரும் எந்த வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவரவர் நிலையத்தில் வீட்டுப்பாடம். ஏட்டு ஜன்னலோரம் நின்று மனதுக்குள் உடைய வேண்டும். ஆய்வாளர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மதிப்பெண் போடுவார். அப்படி நிற்கும்போதுதான் ஒரு தையற்காரம்மா உள்ளே வந்தாள். ஒல்லியான பெண்மணி, கழுத்தில் அளவெடுக்கிற நாடா தொங்கியது.

"ஐயா, என் தையல் மிஷினைக் காணோம். புகார் எழுதிக்கணும்."

ஏட்டின் கை தானாகப் பேனாவுக்குப் போயிற்று. ஆய்வாளர் தொண்டையைக் கனைத்தார். புகார் எழுதினால் அஞ்சு மதிப்பெண் போய்விடும்.

"நாளைக்கு வாங்கம்மா," என்றார் ஏட்டு, ஜன்னலைப் பார்த்தபடியே.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்களேன்யா."

"முடியாதும்மா. நான் உள்ளுக்குள்ள உடைஞ்சிட்டிருக்கேன்."

"நீங்க உடைஞ்சு முடிக்கறதுக்குள்ள என் மிஷினை வித்துடுவாங்களேய்யா!"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு புகாரையும் எழுதாமல் அனுப்பாதவர், அவளை அன்றைக்கு அனுப்பிவிட்டார். அடுத்த நாளும் அனுப்பினார். அவள் படியிறங்கிப் போவதைப் பார்க்க அவருக்கு உடம்பு கூசியது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை ஏழு இருபது என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த வாரம் அவருக்குத்தான் முதல் மதிப்பெண். கதாசிரியர் முதுகில் தட்டி, "வீட்டுலயும் பழகுங்க. பேசாதீங்க, எங்கயோ வெறிச்சுப் பாருங்க," என்றார்.

ஏட்டு வீட்டுக்குப் போய் ஜன்னலோரம் நின்றார். கால் மணி நேரம் நின்றார். உதட்டைக் கடித்து, கண்ணைச் சுருக்கி, தூரத்தில் எதையோ பார்த்தார். தூரத்தில் எதிர்வீட்டுச் சுவர்தான் இருந்தது.

"என்னங்க, வயிறு சரியில்லையா?"

ஏட்டு கண்ணை இன்னும் சுருக்கினார். பெருமூச்சு விட்டார்.

"வாயுத் தொல்லையாத்தான் இருக்கும். ஜன்னல் பக்கம் சும்மாதானே நிக்கிறீங்க, அந்தக் கொக்கி ஆடுது பாருங்க, அப்படியே சரி பண்ணிடுங்க."

ஏட்டு கொக்கியைச் சரி பண்ணினார். எத்தனை வருட ஆத்திரத்தோடு திருப்பினாரோ, திருகாணி உடைந்து கையோடு வந்துவிட்டது. நாளைக்கு ஒன்று வாங்கிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். தான் டிவியில் வரப்போகிற விஷயத்தைப் பற்றி மட்டும் அவர் மூச்சுவிடவில்லை. அவள் திடுக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தார்.

கடைசி நேர்காணலுக்கு ஆணையரே வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் துணை ஆணையர் அம்மாள், பிஸ்கட்டுடன் கதாசிரியர். 'தீர்க்க முடியாத வழக்கொன்று என்னைத் துரத்துகிறது' என்று கதாசிரியர் எழுதிக் கொடுத்திருந்ததை ஏட்டு நெட்டுருப் போட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்தது நிஜம்தான்.

"எனக்குப் பொறாமைங்கய்யா."

"யார் மேல?"

"கீறல் மேலதான்யா. என் பொண்டாட்டி அவனுக்காக வாரா வாரம் அழறா. பக்கத்துலயே உக்காந்து பாக்குறேன். எனக்காக ஒரு தடவைகூட அழுததில்ல. அழறதுக்கு நான் காரணமே குடுத்ததில்லய்யா. குடிச்சிருந்தா அழுதிருப்பா. அடிச்சிருந்தா அழுதிருப்பா. ஒழுங்கா இருந்துட்டேன். ஒழுங்கா இருந்ததுக்குப் போய் வருத்தப்படறேனே, இதைவிடக் கேவலம் உண்டா? அவ அழறப்ப எனக்கு அந்த டிவியைத் தூக்கிப் போட்டு உடைக்கணும்னு இருக்கும். ஆனா அப்புறம் அவ எதைப் பாத்து அழுவா?"

கதாசிரியர் முதல் முறையாகக் கடித்த பிஸ்கட்டை மெல்லாமல் வைத்திருந்தார். துணை ஆணையர் அம்மாள் மூக்கை உறிஞ்சினார். ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கிடைத்துவிட்டது என்று ஏட்டு நினைத்தார். நினைக்காமல் என்ன செய்வார்.

ஆணையர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "அருமையான குறை. அதிகாரிக்கு மட்டும் வலிக்குது, ஜனங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்ல. இந்தத் துறையில இப்படி ஒரு குறையை நான் பாத்ததே இல்ல. ஆனா ஏட்டு, கோவிச்சுக்காதீங்க. இவ்வளவு பெரிய குறையை ஏட்டு அளவுல வெச்சுக்க முடியாது."

"ஐயா?"

"குறைக்கும் பதவிக்கும் ஒரு பொருத்தம் வேணாமா?" என்றார் துணை ஆணையர் அம்மாள், விதிப் புத்தகத்தைப் புரட்டியபடி. "ஏட்டுன்னா மூட்டு வலி, மறதி, அதிகபட்சம் கடுகடுப்பு. பொறாமையெல்லாம் ஆணையர் அளவுலதான் வருது."

"நீங்க வெச்சிருந்தா ஒரு வீட்டுக்குத்தான் உபயோகம்," என்றார் ஆணையர். "நான் வெச்சிருந்தா துறைக்கே உபயோகம். தப்பா நெனைக்காதீங்க. நீங்க சொன்னதும் எனக்கே உங்க மேல பொறாமையா இருந்தது. இவ்வளவு நல்லதை இத்தனை நாளா நீங்க ஒருத்தரே வெச்சிருந்தீங்களேன்னு."

ஒரு தாளை நீட்டினார்கள். 'மேற்படி பொறாமையை முழு மனதுடன் துறையிடம் ஒப்படைக்கிறேன். இனி பணி நேரத்திலோ பணி நேரத்துக்குப் பின்போ அதைப் பயன்படுத்த மாட்டேன்.' ஏட்டு கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி நீட்டிய தாளில் கையெழுத்துப் போடாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. ரசீது கொடுத்தார்கள்.

மறுநாள் நிலையத்துக்குப் போனதும் முதல் காரியமாகத் தையற்காரம்மாவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, பேனாவைத் திறந்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "வேணாம்யா. மிஷின் கிடைச்சிடுச்சு. உங்க நிலையத்துக்குப் பின்னாடி இருக்கிற பழைய சாமான் கடையிலயே இருந்தது. நானே காசு குடுத்து வாங்கிட்டேன்." ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆய்வாளர் ஓடிவந்து, கிடைத்துவிட்டதால் இப்போது புகார் எழுதியே ஆக வேண்டும் என்றார். எழுதினார்கள். 'புகார் பதிவான நாலே நிமிடத்தில் பொருள் மீட்கப்பட்டது' என்று அறிக்கை மேலே போயிற்று. கீறலுக்கு நாற்பது நிமிடம் ஆகும் என்று ஆணையர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஏழு இருபதுக்கு மனைவி டிவி முன்னால் உட்கார்ந்தாள். ஏட்டும் உட்கார்ந்தார். எழுந்து வெளியே போய்விடலாம் என்றுதான் நினைத்தார், கால் வரவில்லை.

திரையில் ஆணையர் ஜன்னலோரம் நின்றார். மூன்று நாள் தாடி. கண்ணாடியில் மழை. கூர்ந்து பார்த்தால் ஓரத்தில் தீயணைப்பு வண்டியின் குழாய் தெரிந்தது, ஆனால் யார் கூர்ந்து பார்க்கிறார்கள்! ஆணையர் மெல்லத் திரும்பினார். "எனக்குப் பொறாமை," என்றார். பிறகு ஏட்டு சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். "ஒழுங்கா இருந்துட்டேன்," என்ற இடத்தில் குரலை உடைத்தார். பத்து நாள் பயிற்சி எடுத்த ஏட்டுக்கு அந்த உடைவு வந்திருக்காது.

பக்கத்தில் விசும்பல் கேட்டது. ஏட்டு திரும்பிப் பார்த்தார். மனைவியின் கன்னத்தில் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. அத்தனையும் அவருடைய வார்த்தைக்கு வந்தது. துடைக்கக்கூட மறந்து அழுதாள்.

"எவ்வளவு பெரிய மனுஷன், மனசுக்குள்ள எப்படி வெந்திருக்காரு பாருங்க. அவ எல்லாம் ஒரு பொம்பளையா? கட்டினவன் பக்கத்துல உக்காந்து புழுங்கறான், இவ எவனோ ஒருத்தனுக்கு அழுதுட்டு உக்காந்திருக்கா. கல் நெஞ்சுக்காரி!"

"அப்படிச் சொல்லாத," என்றார் ஏட்டு. "அந்த அம்மா நல்லவங்கதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க கையால சாப்பிட்டிருக்கேன்."

அவள் முழுசாக அவர் பக்கம் திரும்பினாள். டிவி ஓடும்போது அவள் இப்படித் திரும்பி ஒரு வருடமாகியிருந்தது. ஈரக் கண்ணில் ஆச்சரியம் தளும்பியது. "அவரு வீட்டுலயா? நீங்களா? இத்தனை நாளா சொல்லவே இல்லையே!" சத்தத்தைக் குறைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தாள். "சொல்லுங்க, எப்படி நடந்துக்குறா அவரைக் கட்டினவ?"

இல்லாததைச் சொல்ல ஏட்டுக்கு வராது. "நல்லா பாத்துக்குவாங்க. சட்டையைத் தினம் தேய்ச்சு வெச்சிடுவாங்க. குளிக்கச் சுடுதண்ணி எடுத்து வைப்பாங்க. ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல."

"ஆனா அவருக்காக அழ மாட்டாளாக்கும்?"

"மாட்டாங்க."

"அப்புறம் மத்ததெல்லாம் செஞ்சு என்ன புண்ணியம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி, அந்த மனுஷன் மூஞ்சியை ஒரு தடவையாவது நிமிர்ந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்காது?"

ஏட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழரை அடித்தது. தொடரின் பாட்டு ஆரம்பித்துவிட்டது. "உஸ்ஸ், பேசாதீங்க, அவரு வந்துட்டாரு," என்று அவள் சத்தத்தைக் கூட்டினாள்.